சமயக் கட்டுப்பாடும் இணையமும்: இரு ஹசிதியச் சமூகங்களின் மொழி வரலாறு

1. முன்னுரை

2012ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள பேஸ்பால் அரங்கொன்றில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூத ஆண்கள் கூடினர். விளையாட்டைக் காண அவர்கள் வரவில்லை. இணையத்தால் விளையும் தீங்குகள் குறித்து மதகுருமார் ஆற்றிய உரைகளைக் கேட்க வந்திருந்தனர். உரைகள் இட்டிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தன. அரங்கில் பெண்களுக்கு இடமில்லாமையால், அவர்கள் தத்தம் பகுதி மண்டபங்களில் அமர்ந்து நேரடி ஒளிபரப்பின் வாயிலாக அவ்வுரைகளைக் கேட்டனர். மின்தொடர்பின் தீங்கைப் பற்றிய எச்சரிக்கை மின்தொடர்பின் வழியே சென்று சேர்ந்தது.

அதே நகரில், புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், ஹபாத் எனப்படும் லுபாவிச் ஹசிதியர் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமக்கென இணையதளம் ஒன்றை அமைத்திருந்தனர். இணையத்தை மிகக் கடுமையாக விலக்கிய குழுக்களுள் முதன்மையானதாகிய ஸாட்மார் ஹசிதியரும், இணையத்தை முதலில் ஏற்ற ஹபாத் ஹசிதியரும் ஒரே இயக்கத்தின் இரு கிளைகள். இரண்டும் ஐரோப்பியப் பேரழிவில் தம் மக்களை இழந்தவை. இரண்டும் 1940களில் புரூக்ளினில் மீண்டும் வேரூன்றியவை. இரண்டும் அதன்பின் வளர்ந்தவை.

கட்டுப்பாடு மிக்க சமயக் குழு ஒன்று இணையத்தின் வழியே வளர இயலுமா என்னும் வினாவை ஆராய இவ்விரு குழுக்களின் வரலாறு ஏற்ற களமாக அமைகிறது. வளர்ச்சி என்பது யாது என்பதைப் பொறுத்தே இவ்வினாவின் விடை அமையும். அதனை அறிவதற்கு மொழி ஓர் உரைகல்லாகப் பயன்படுவதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. கட்டுப்பாடும் வளர்ச்சியும்

கட்டுப்பாடு மிகுந்தால் ஆள் குறையும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்கத் திருச்சபைகளை ஆராய்ந்த டீன் கெல்லி 1972இல் வெளியிட்ட நூலில் இதற்கு மாறான நிலையைக் காட்டினார். தாராளப் போக்குடைய சபைகள் தேய, கட்டுப்பாடு மிக்க சபைகள் வளர்ந்துவந்தன. பொருளியல் அறிஞர் லாரன்ஸ் ஐயனக்கோனே 1994இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் காரணம் கூறினார். உடை, உணவு, ஓய்வு நாள், திருமணம் ஆகியவற்றில் ஒரு குழு விதிக்கும் கடுமை, பயனை மட்டும் பெற்றுப் பங்களிப்பைத் தவிர்ப்போரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. எஞ்சியோர் முழு ஈடுபாடு உடையவராக இருப்பதால் குழுவின் வலிமை கூடுகிறது என்பது அவர் கருத்து.

இக்கருத்தை ஏற்றுக்கொண்டால் இணையம் ஒரு சிக்கலை எழுப்புகிறது. இணையத்தில் நுழைவதற்குக் கட்டணம் இல்லை. உடையை மாற்ற வேண்டியதில்லை. அண்டை வீட்டார் அறிய வேண்டியதும் இல்லை. எவ்விலையும் கொடாமல் ஒருவர் ஒரு சமயத்தின் நூல்களைப் படித்துவிட்டுச் செல்லலாம். கட்டுப்பாட்டுக்கு வலிமை தந்த வாயில் இங்கே திறந்தே கிடக்கிறது.

மொழியியல் நோக்கிலும் இதற்கு இணையான கருத்து உண்டு. மொழிப்பெயர்ச்சியை மீட்டெடுத்தல் பற்றி 1991இல் நூல் எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், வீடு, சுற்றம், அண்டை அயல் ஆகிய களங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றப்படாத மொழியை ஊடகங்கள் மட்டும் காத்துவிட இயலாது என்று வற்புறுத்தினார். சமயத்தைப் பற்றிக் கூறப்படுவதும் மொழியைப் பற்றிக் கூறப்படுவதும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

3. பொதுத் தோற்றம்

ஹசிதிய இயக்கம் 18ஆம் நூற்றாண்டில், பால் ஷெம் தோவ் என்று போற்றப்பட்ட இஸ்ரவேல் பென் எலியேசரை (மறைவு 1760) முன்னோடியாகக் கொண்டு கிழக்கு ஐரோப்பாவில் தோன்றியது. அச்சமூகத்தில் எபிரேயமும் அரமேயமும் கலந்த புனித மொழி வழிபாட்டுக்கும் எழுத்துக்கும் உரியதாக இருந்தது. இட்டிஷ் பேச்சுக்கும் போதனைக்கும் உரியதாக இருந்தது. மாக்ஸ் வைன்ரைக் இதனை அகநிலை இருமொழியம் என்று விளக்கினார். புறத்தார் மொழியோடு கொள்ளும் இருமொழியத்தினின்று இது வேறுபட்டது. ஜெர்மானிய அடிப்படையும், எபிரேய-அரமேய, சிலாவியக் கூறுகளும் கொண்டு எபிரேய எழுத்தில் எழுதப்படும் இட்டிஷ், ஹசிதியரின் அன்றாட மொழியாகவும் அவர்தம் குருமாராகிய ரெப்பேக்களின் வாய்மொழியாகவும் விளங்கியது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இட்டிஷ் பேசியோர் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் பேர் எனக் கணிக்கப்படுகிறது. நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதருள் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் பேர் இம்மொழியினர். எஞ்சியோருள் சமயச் சார்பற்றோர் அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கும், இஸ்ரேலில் புதிய எபிரேயத்துக்கும், சோவியத்து நாட்டில் உருசிய மொழிக்கும் பெரும்பாலும் மாறினர். 1925இல் வில்னாவில் தோன்றி 1940இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த ஈவோ ஆய்வு நிறுவனம் இம்மொழிக்கு எழுத்துமுறையும் அகராதியும் தந்தது. ஆயின் இம்மொழியைப் பேசும் குழந்தைகளைத் தருவது அதன் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. குழந்தைகள் பிறந்தது அந்நிறுவனத்தின் எழுத்துமுறையைப் பொருட்படுத்தாத ஹசிதியர் வீடுகளிலேயாம்.

4. ஸாட்மார்: மொழியே மதில்

ஸாட்மார் குழுவின் மொழிக் கொள்கைக்கு அங்கேரி நாட்டில் நீண்ட முன்வரலாறு உண்டு. பிரஸ்பர்க் நகரின் குருவாகிய மோசஸ் சோஃபர் (1762-1839) புதுமை எதுவும் தோராவால் விலக்கப்பட்டது என்னும் கொள்கையை முழங்கினார். அவர் வழியினரான கடுங்கோட்பாட்டாளர், யூதர் தம்மைக் காத்துக்கொள்ளப் பெயர், மொழி, உடை ஆகிய மூன்றையும் மாற்றாதிருக்க வேண்டும் என வற்புறுத்தினர். 1865இல் மிஹலோவ்ட்ஸே நகரில் கூடிய குருமார் புறத்தார் மொழியில் நிகழும் சமயச் சொற்பொழிவைக் கேட்கலாகாது என்று தீர்ப்பு வழங்கினர். சொற்பொழிவின் பொருள் எத்துணைத் தூயதாயினும் அதன் மொழியே தடைக்குப் போதிய காரணமாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது.

இம்மரபில் வந்த ஜோயல் டைட்டல்பாம் (1887-1979) பேரழிவில் தப்பி 1946இல் நியூயார்க் சேர்ந்து, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் தம் குழுவை நிறுவினார். இஸ்ரேல் அரசை மறுத்து அவர் எழுதிய 'வயோயல் மோஷே' என்னும் நூலின் மூன்று பகுதிகளுள் ஒன்று புனித மொழியைப் பற்றியதாகும். புதிய எபிரேயத்தைப் பேச்சுமொழியாக்குவதை அவர் எதிர்த்தார். ஆங்கிலத்துக்கும் புதிய எபிரேயத்துக்கும் இடையே இட்டிஷ் ஒன்றே குழுவின் மொழியாக நின்றது.

1977இல் நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் மாவட்டத்தில் கிரியாஸ் ஜோயல் என்னும் சிற்றூர் ஸாட்மார் குழுவினருக்காகச் சட்டப்படி அமைந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 2000இல் 13,138 பேரும், 2010இல் 20,175 பேரும், 2020இல் 32,954 பேரும் வாழ்ந்தனர். இருபது ஆண்டுகளில் மக்கள்தொகை இரண்டரை மடங்காயிற்று. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் இட்டிஷ் பேசுவோராகப் பதிவாயினர். இவ்வளர்ச்சி பெரும்பாலும் இளமையில் திருமணம், மிகுதியான குழந்தைப்பேறு, பிறந்தோர் குழுவை விட்டு அகலாமை ஆகியவற்றின் விளைவாகும். புறத்தாரை ஈர்ப்பது இக்குழுவின் நோக்கமன்று. எனவே இணையத்தால் அதற்குப் பெறத்தக்க ஆதாயம் சிறிது, இழக்கத்தக்கதோ பெரிது.

இதனால் இக்குழுவினர் தொழில்நுட்பமே அறியாதவர் என்று கொள்ளுதல் பிழை. இட்டிஷ் வார இதழ்கள் அச்சாகின்றன. செய்திகளையும் சொற்பொழிவுகளையும் இட்டிஷில் ஒலிக்கும் தொலைபேசிச் சேவைகள் ஹசிதியரிடையே பெருவழக்கில் உள்ளன. இணைய வசதி நீக்கப்பட்ட கைப்பேசிகளும், வடிகட்டி பொருத்தப்பட்ட கணினிகளும் தொழில் தேவைக்கு அனுமதிக்கப்படுகின்றன. ஒரு கருவி குழுவின் மொழியை உள்ளேயே சுழலச் செய்யுமாயின் அது ஏற்கப்படுகிறது. புறமொழியை உள்ளே கொணருமாயின் விலக்கப்படுகிறது. 1865ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலே இன்றும் தொடர்கிறது எனலாம்.

இம்மதிலுக்கு விலை உண்டு. ஹசிதிய ஆண் குழந்தைகளின் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமும் கணிதமும் மிகக் குறைவாகவே கற்பிக்கப்படுகின்றன என்னும் குறை நெடுநாளாக எழுப்பப்பட்டு வந்தது. 2022 செப்டம்பரில் நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழு தனியார் பள்ளிகளின் பொதுப்பாடக் கல்வி குறித்த விதிகளை ஏற்றபோது, ஹசிதியத் தலைவர்கள் அதனைத் தம் வாழ்முறை மீதான தாக்குதலாகக் கண்டனர். மொழியைக் காத்த அமைப்பே, அம்மொழியைப் பேசும் குழந்தை பின்னாளில் வேறு வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் வழியையும் குறுக்குகிறது.

5. ஹபாத்: ஒலிபரப்பிலிருந்து இணையம் வரை

ஹபாத் கிளையின் நிறுவனர் லியாடி நகரின் ஷ்னியோர் சல்மான் (1745-1812). அவருடைய 'தான்யா' என்னும் நூல் 1796இல் ஸ்லாவுத்தாவில் அச்சேறியது. இறையுண்மையை அறிவினால் விளக்கிப் பரப்புதல் இக்கிளையின் தொடக்கக்காலப் பண்பு. ஆறாம் ரெப்பே யோசெஃப் யிட்ஸ்ஹாக் ஷ்னியோர்சன் 1940 மார்ச்சில் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1951இல் தலைமையேற்ற ஏழாம் ரெப்பே மெனாஹெம் மெண்டல் ஷ்னியோர்சன் (1902-1994), சமயத்தினின்று விலகிய யூதரைத் தேடிச் செல்லும் தூதர்களை உலகெங்கும் அனுப்பினார்.

ரெப்பேயின் உரைகள் இட்டிஷில் நிகழ்ந்தன. ஓய்வு நாளில் எழுதுவதும் ஒலிப்பதிவு செய்வதும் விலக்கப்பட்டவை. ஆதலின் அந்நாள்களில் பல மணி நேரம் நீளும் உரைகளை மனனம் செய்வோர் உள்ளத்தில் தாங்கி, ஓய்வு நாள் முடிந்தபின் எழுத்தில் வடித்தனர். அவர்களுள் தலைமையானவர் யோயல் கான் (1930-2021). வாய்மொழி மரபையும் அச்சு மரபையும் இணைத்த இந்நடைமுறை, ஊடகங்களை இக்குழு பின்னர்க் கையாண்ட விதத்துக்கு முன்மாதிரியாயிற்று. சொல் பிறப்பது நேர்முகக் கூட்டத்தில். அதனைச் சுமந்து செல்வது மட்டுமே ஊடகத்தின் பணி.

1960இல் 'தான்யா' நூலின் விளக்கம் இட்டிஷில் நியூயார்க் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதனை ஒலிபரப்பிய டபிள்யூ.ஈ.வி.டி. நிலையம் 1927இல் சோசலிசக் கட்சியினரால் தொடங்கப்பட்டு, அவர்தம் தலைவர் யூஜின் வி. டெப்ஸின் பெயரெழுத்துகளைத் தாங்கியது. பின்னர் சமயச் சார்பற்ற இட்டிஷ் நாளிதழான 'ஃபோர்வெர்ட்ஸ்' நிறுவனத்தின் கைக்கு வந்தது. தெய்வத்தை மறுத்தோரின் ஒலிவாங்கியில் ஹசிதிய நூல் ஒலித்ததற்குக் காரணம் அவ்விரு சாராரின் கேட்போரும் அன்று ஒரு மொழியினராக இருந்தமையே. படைக்கப்பட்டவை யாவும் இறைவனின் மகிமைக்காகவே என்னும் பழங்கொள்கையைக் காட்டி, வானொலியும் அப்பணிக்கு உரியதே என்று ரெப்பே விளக்கம் தந்தார்.

1970இல் அவருடைய உரைகள் தொலைபேசி இணைப்பின் வழியே இஸ்ரேலுக்குச் சென்றன. 1980களில் செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியபோது ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது: இட்டிஷ் உரையோடு உடனிகழ் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. 1960இல் இட்டிஷ் அறிந்தோரை நோக்கி இருந்த ஊடகம், இருபது ஆண்டுகளில் இட்டிஷ் அறியாதோரை நோக்கித் திரும்பிவிட்டது.

1988இல் யோசெஃப் யிட்ஸ்ஹாக் காசன் என்னும் ஹபாத் குரு, ஃபைடோநெட் என்னும் கணினிச் செய்தி வலையில் சமய வினாக்களுக்கு விடையளிக்கத் தொடங்கினார். 1993இல் அம்முயற்சி ஹபாத்தின் இணையதளமாக உருவெடுத்தது. அக்கால வலைகள் உரோமன் எழுத்தை மட்டுமே இயல்பாகக் கையாண்டன. வலமிருந்து இடமாகச் செல்லும் எபிரேய எழுத்து அவற்றில் எளிதில் அமையவில்லை. எழுத்துத் தடை நீங்கிய பின்னும் இத்தளம் ஆங்கிலம், எபிரேயம், உருசியம், பிரெஞ்சு, எசுப்பானியம் முதலிய மொழிகளிலேயே விரிந்தது. தூதர் செல்லும் நாடுகளின் மொழிகள் அவை. ரெப்பேயின் இட்டிஷ், மூலமொழி என்னும் மதிப்பைப் பெற்று மொழிபெயர்ப்பின் பின்னே நின்றது.

6. இணையம் சேர்த்தது யாரை?

1994 ஜூன் 12இல் ஏழாம் ரெப்பே மறைந்தார். அவருக்குப் பின் எவரும் அப்பதவிக்கு வரவில்லை. தலைவரை இழந்த குழு சிதையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாகத் தூதர் எண்ணிக்கை பெருகியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தூதர் குடும்பங்கள் பணிபுரிவதாக அவ்வியக்கம் கணக்குத் தருகிறது. 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதலுக்கு உள்ளான நாரிமன் இல்லம் இத்தகைய தூதர் இல்லங்களுள் ஒன்று. அங்கு வாழ்ந்த தூதரும் அவர் மனைவியும் அத்தாக்குதலில் உயிரிழந்தனர். பயணியர்க்கு உணவும் வழிபாட்டுக்கு இடமும் தரும் வீடே இவ்வியக்கத்தின் அடிப்படை அலகு என்பதை உலகம் அன்று அறிந்தது.

இப்பெருக்கத்தை இணையத்தின் விளைவு என்று கூற இயலுமா? இதற்கு மூன்று சான்றுகளை நோக்கலாம்.

முதலாவது, காலமுறை. புதிதாகச் சமய வாழ்வை ஏற்கும் ஆண்களுக்கென ஹதார் ஹதோரா என்னும் கல்விநிலையம் 1962இலேயே புரூக்ளினில் தொடங்கப்பட்டது. தூதர் அமைப்பும் அதே காலத்தது. வந்தோரை ஏற்று உருவாக்கும் ஏற்பாடுகள் இணையத்துக்கு ஒரு தலைமுறை முற்பட்டவை. இணையம் அவற்றுக்குச் செல்லும் பாதையை அகலப்படுத்தியது.

இரண்டாவது, பங்கேற்போரின் இயல்பு. பியூ ஆய்வு மையம் அமெரிக்க யூதரிடையே 2020இல் நடத்திய ஆய்வின்படி, ஹபாத் நிகழ்ச்சிகளில் பங்கேற்போருள் பெரும்பான்மையோர் ஆர்தடாக்ஸ் பிரிவைச் சேராதோர். அவர்கள் ஹபாத்தை அணுகுகின்றனர், ஹசிதியராக மாறுவதில்லை. இவ்வகையில் ஹபாத்துக்கு இரு வட்டங்கள் உள்ளன: கடுமையான ஒழுக்கம் பூண்ட தூதரின் அகவட்டம், ஒழுக்கம் எதுவும் வற்புறுத்தப்படாத விருந்தினரின் புறவட்டம். இணையம் பெரிதும் விரித்தது புறவட்டத்தை.

மூன்றாவது, மொழிச் சான்று. யூதச் சமய வாழ்வைப் புதிதாக ஏற்போர் மொழியை எவ்வாறு கற்கின்றனர் என்பதை சாரா புனின் பெனோர் 2012இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். எபிரேய, இட்டிஷ் கடன்சொற்களை ஆங்கிலத்தில் கலத்தல், நூல் பயிலும்போது எழும் இராகம் போன்ற தொனி, பேச்சின் இடையே நாவால் எழுப்பும் சொடுக்கொலி ஆகியவற்றைப் புதியோர் படிப்படியாகப் பெறுகின்றனர். சொற்களை நூலிலிருந்து பெறலாம். தொனியையும் சொடுக்கொலியையும் பிறர் வீட்டு உணவு மேசையிலும் பாடசாலை இருக்கையிலுமே பெறுதல் கூடும். எந்தச் சொல்லை எப்போது சொல்லக்கூடாது என்பதும் அங்கேயே விளங்குகிறது. புறவட்டத்திலிருந்து அகவட்டத்துக்குச் செல்லும் வாயில் இன்றும் வீட்டு வாயிலே என்பதற்கு இது வலுவான சான்று.

7. வலையின் மறுபக்கம்

இணையம் ஆள் சேர்க்கும் கருவியாக மட்டும் செயற்படவில்லை. அயாலா ஃபேடர் 2020இல் வெளியிட்ட மானிடவியல் ஆய்வு, நியூயார்க்கின் கடுமையான யூதச் சமூகங்களில் வெளியே ஒழுக்கத்தைக் கைக்கொண்டு, உள்ளே நம்பிக்கை இழந்து இரட்டை வாழ்வு வாழ்வோரைப் பற்றியது. 2000த்தின் முதற்பத்தாண்டில் வலைப்பதிவுகளும் பின்னர் வாட்ஸப் குழுக்களும் அவர்களுக்கு மறைவான சந்திப்பிடங்களாயின. குடும்பமும் குழந்தைகளும் பிரிந்துவிடும் என்னும் அச்சத்தால் வெளியேற இயலாத அவர்கள், ஐயத்தை எழுத்தில் பகிர்ந்துகொண்டனர். மதகுருமாரின் அச்சம் வெற்றச்சம் அன்று என்பதை இவ்வாய்வு உறுதிப்படுத்துகிறது.

இங்கு எதிர்பாராத மொழி விளைவு ஒன்றும் நேர்ந்தது. ஹசிதியருள் சிலர் தம் ஐயங்களை இணையத்தில் எழுதத் தேர்ந்த மொழி இட்டிஷ். அதுவரை பிரசங்கத்துக்கும் ஒழுக்கக் கதைக்கும் பயன்பட்ட ஹசிதிய இட்டிஷ், நகைச்சுவைக்கும் விவாதத்துக்கும் தன்வரலாற்றுக்கும் எழுத்துமொழியாயிற்று. விலக்கப்பட்ட ஊடகமே விலக்கியோரின் மொழிக்குப் புதிய நடைகளைத் தந்தது.

இம்மொழி பழைய இட்டிஷ் அன்று. லிலி கான், கிரிஸ்டா செண்ட்ரோய் முதலிய லண்டன் ஆய்வாளர்கள் காட்டியவாறு, இன்றைய ஹசிதிய இட்டிஷில் பெயர்த்தொடரின் பால் வேறுபாடும் வேற்றுமை வேறுபாடும் மறைந்துள்ளன. பல வடிவங்களில் நின்ற சுட்டடை ஒரே வடிவாகச் சுருங்கியுள்ளது. மதில் புறமொழியைத் தடுக்கலாம். மொழி தன்னுள் மாறுவதைத் தடுக்க இயலாது. 2021இல் டுவோலிங்கோ செயலியில் இட்டிஷ் பாடம் அமைக்கப்பட்டபோது, எழுத்து ஈவோ முறையிலும் ஒலிப்பு அங்கேரிய ஹசிதியர் முறையிலும் அமைந்தது. புறத்தார் இணையத்தில் இட்டிஷ் கற்க விரும்பினால், இணையத்தை விலக்கியோரின் நாவையே பின்பற்ற வேண்டிய நிலை இன்று உருவாகியுள்ளது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

கட்டுப்பாடு மிக்க சமயக் குழு இணையத்தால் தன் செல்வாக்கை விரிக்க இயலும். ஹபாத் அதற்குச் சான்று. ஆனால் அவ்விரிவு பெரும்பாலும் கட்டுப்பாட்டை ஏற்காதோரிடையே நிகழ்கிறது. அவருள் சிலரைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்வது வீடும் பாடசாலையும் ஆகும். இணையம் இன்றியும் குழு வளர இயலும். ஸாட்மார் அதற்குச் சான்று. அவ்வளர்ச்சி தொட்டிலில் தொடங்குகிறது; கதவை அடைத்து வைப்பதால் நிலைக்கிறது; அதன் விலையைக் குழந்தைகளும் ஐயுறுவோரும் செலுத்துகின்றனர்.

மொழியை அளவுகோலாகக் கொண்டால் வேறுபாடு மேலும் தெளிவாகிறது. பிறரைத் தேடிச் சென்ற குழு பிறர் மொழியை ஏற்றது; தன் குருவின் மொழியை மொழிபெயர்ப்பாளர் கையில் ஒப்படைத்தது. பிறரைத் தேடாத குழு குருவின் மொழியைக் குழந்தையின் வாயில் வைத்தது. செய்தி எங்கும் செல்ல வேண்டுமெனில் அது மொழிபெயர்க்கப்பட்டாக வேண்டும். மொழி நிலைக்க வேண்டுமெனில் அது மொழிபெயர்ப்பின்றிப் பேசப்பட்டாக வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒரே சமூகத்தில் ஒருங்கே நிறைவேறுதல் அரிது என்பதை நியூயார்க் ஹசிதியரின் எண்பதாண்டு வரலாறு காட்டுகிறது.